அறைக்கு வந்த சாப்பாடு: லூர்து, 1971

1960களின் பிற்பகுதியில் பிரான்சில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். கணவன், மனைவி, இரண்டு மகன்கள். மகன்கள் இருவருக்குமே கடுமையான அறிவுசார் குறைபாடு. மறைமாவட்டத்திலிருந்து லூர்துக்குத் திருப்பயணம் புறப்படுகிறது என்று கேள்விப்பட்டு, தங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். முடியாது என்று பதில் வந்தது. பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியப் போவதில்லை, மற்றப் பயணிகளுக்கும் தொந்தரவாக இருக்கும் என்றார்கள். சரி, நாமே போய்க்கொள்வோம் என்று தனியாகக் கிளம்பினார்கள். லூர்தில் ஓட்டலில் அறை கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. சாப்பாட்டை அறையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும், கூடத்துக்கு வந்து மற்றவர்களோடு உட்காரக் கூடாது.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைத் திருச்சபைக்குள் எப்படி வரவேற்பது என்று யார் கேட்டாலும் நான் இந்தச் சாப்பாட்டிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவது வழக்கம். இந்தப் பையன்களுக்காவது முகத்துக்கு நேராக ‘முடியாது’ என்று சொன்னார்கள். குறைபாடுள்ள நாற்பது வயது ஆளிடம் அதைக்கூட யாரும் சொல்வதில்லை. அம்மாவுக்கு முட்டி வலி வந்து கோயிலுக்கு வருவது நின்றதும் அவர் வருவதும் நின்றுபோகிறது. பங்கில், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த மக்களில், அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

நடந்த இடம் லூர்து என்பதுதான் இதில் வேடிக்கை. கெபி (மாதா குகை) இல்லாத பங்கைத் தேடித்தான் பார்க்க வேண்டும் என்னும் அளவுக்கு லூர்து மாதா நமக்கு நெருக்கம். அந்தக் கெபியில் முழங்காலில் நிற்கும் பெண்ணின் கதை மட்டும் அரைகுறையாகத்தான் நமக்குத் தெரியும். 1858 பிப்ரவரியில் மாதாவின் காட்சி தொடங்கியபோது பெர்னதெத் சுபீருவுக்கு 14 வயது, இன்னும் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கியிருக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் பேசியது வட்டார மொழி, மறைக்கல்வியோ பிரெஞ்சில். கேள்வி பதிலை எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் மனப்பாடம் ஆகவில்லை. ‘மண்டையில் ஏறாத பிள்ளை’ என்று நம் ஊரில் சொல்வோமே, அப்படித்தான் பெயர் வாங்கியிருந்தாள். அந்த ஜூன் மாதத்தில்தான் அவளுக்குப் புதுநன்மை கிடைத்தது. அவளால் பெயர் பெற்ற ஊரில், நூறு ஆண்டு கழித்து, புரியாது என்ற காரணத்துக்காகவே இரண்டு பையன்கள் அறைக்குள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

லூர்து நோயாளிகளை ஒதுக்கும் ஊரும் அல்ல. 1870களிலிருந்தே அங்கே ரயில் ரயிலாக நோயாளிகள் வருகிறார்கள். படுக்கையோடும் சக்கர நாற்காலியோடும் வருகிறவர்களுக்குப் பவனியில் முன்வரிசை. அப்படிப்பட்ட ஊரில் இவர்களுக்கு ஏன் இடமில்லை? நோயாளி என்றால் அவருக்கு அங்கே ஒரு வேடம் தயாராக இருக்கிறது. படுத்திருப்பார், மன்றாடுவார், சுகம் கேட்பார். அறிவுசார் குறைபாடு நோய் அல்ல, சுகமாக்கிக்கொண்டு போக அவர்கள் வருவதுமில்லை. அமைதியாகப் படுத்திருக்கவும் மாட்டார்கள். பிரசங்கத்தின் நடுவில் சிரிப்பார்கள், எழுந்து நடப்பார்கள், முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள். பரிதாபப்படுவதற்குக்கூட இவர்கள் வசதியாக இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பெற்றோரின் வேதனை இரண்டு பேர் காதுக்கு வந்தது. ஒருவர் மரி-எலேன் மத்தியூ. மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்குமாக 1963-இல் பாரிசில் ஒரு கிறிஸ்தவ அலுவலகத்தைத் தொடங்கியவர். இன்னொருவர் ழான் வனியே. கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவரின் மகன், முன்னாள் கடற்படை அதிகாரி, தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1964 ஆகஸ்டில், பாரிசுக்கு வடக்கே துரோலி-பிரேய் என்ற கிராமத்தில் பழைய வீடு ஒன்றை வாங்கி, விடுதியில் அடைபட்டுக் கிடந்த அறிவுசார் குறைபாடுள்ள ஆண்கள் இருவரோடு அதில் குடியேறினார். லார்ஷ் என்று அந்த வீட்டுக்குப் பெயர். நோவாவின் பேழை என்று பொருள். பராமரிப்பவர் ஒரு பக்கம், பராமரிக்கப்படுபவர் மறுபக்கம் என்றில்லாமல் எல்லாரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். சமையலும் பாத்திரம் கழுவுவதும் எல்லாருக்கும் பொது. வனியேவைப் பற்றிப் பின்னால் வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போதைக்கு இது போதும்.

1968-இல் இருவரும் லூர்துக்கு ஒரு திருப்பயணம் நடத்துவது என்று முடிவெடுத்தார்கள். அறிவுசார் குறைபாடுள்ளவர்கள்தான் அதில் முதன்மையானவர்கள். தயாரிப்புக்கு மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். பேருந்து, ஓட்டல், மருத்துவ உதவி எல்லாம் பார்த்திருப்பார்கள்தான். ஆனால் இந்த நிகழ்வின் உயிர் வேறு ஒரு விதியில் இருக்கிறது: யாரும் தனி ஆளாக வரக் கூடாது, தனிக் குடும்பமாகவும் வரக் கூடாது. ஏறத்தாழ முப்பது பேர் கொண்ட குழுவாகத்தான் வர வேண்டும். குறைபாடு உள்ளவர்கள், அவர்களின் பெற்றோர், எந்த உறவும் இல்லாத நண்பர்கள் என்று மூன்று தரப்பும் அதில் இருக்க வேண்டும். நண்பர்கள் முடிந்தவரை இளைஞர்களாக இருக்க வேண்டும். பயணத்துக்கு முன்பே இந்தக் குழு கூடிப் பழகியிருக்க வேண்டும்.

நிர்வாக வசதிக்கான ஏற்பாடு போலத்தான் இது தெரியும். ஒரு தாயின் இடத்திலிருந்து பாருங்கள். இருபது வருடமாக மகனோடு அவள் மட்டும்தான் வெளியே போயிருக்கிறாள். அவன் கத்தினால் அவள்தான் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். இப்போது பக்கத்தில் கல்லூரி மாணவன் ஒருவன் இருக்கிறான். மகன் எந்தச் சத்தத்துக்கு மிரள்வான், எந்தப் பாட்டுக்குச் சிரிப்பான், எப்போது கழிப்பறைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். மகன் எழுந்து நடந்தால் அவனும் கூட எழுந்து நடக்கிறான். அம்மா உட்கார்ந்த இடத்திலேயே இருந்து பூசை பார்க்கிறாள். எத்தனை வருடம் கழித்து என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

1971 ஏப்ரல் 9, பெரிய வெள்ளி. பதினைந்து நாடுகளிலிருந்து 12,000 பேர் லூர்தில் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஏறத்தாழ 4,000 பேர் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள். ஊர் பயந்துபோயிருந்தது. பொருள் உடையும், தொலையும் என்று கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கியிருந்தார்கள். பாஸ்கா (ஈஸ்டர்) ஞாயிற்றுக்குள் கடைகள் திறந்துவிட்டன. யாரும் போய்ப் பேசிச் சமாதானம் செய்ததால் அல்ல. தெருவில் பாட்டும் ஆட்டமுமாக ஓடிய கூட்டத்தைப் பார்த்துத்தான்.

திங்கட்கிழமையோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அமைப்பு ஒன்றைத் தொடங்கும் திட்டம் யாரிடமும் இல்லை. ஆனால் ஊருக்குத் திரும்பிய குழுக்கள் கலையவில்லை. மாதம் ஒருமுறை கூடினார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், நற்செய்திக் காட்சியை வசனம் இல்லாமல் ஊமை நாடகமாக நடித்தார்கள், பிறந்தநாள் கொண்டாடினார்கள். விசுவாசமும் ஒளியும் என்ற இயக்கம் இப்படித்தான் உருவானது. இன்று உலகம் முழுக்க அதற்குக் குழுக்கள் உண்டு. அதன் சின்னத்தை வரைந்தவர் மெப் என்று அறியப்படும், அறிவுசார் குறைபாடுள்ள ஓவியர். அலை அடிக்கும் தண்ணீரில் ஒரு படகு, அதில் பன்னிரண்டு பேர், மேகத்தை விலக்கி எட்டிப் பார்க்கும் சூரியன்.

இந்த மாதிரிக்குள் ஓர் ஆபத்தும் இருக்கிறது. தனிக் குழு ஒன்று நன்றாக நடந்தால், பங்கு நிம்மதியாகக் கையைக் கழுவிவிடலாம். “அவங்களுக்குத்தான் தனியா கூட்டம் நடக்குதே” என்று சொல்லிவிடலாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர்களுக்கு, எல்லா ஞாயிறும் மற்றவர்களுக்கு. அப்படியானால் ஓட்டல் அறை கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

‘புரியுமா?’ என்ற கேள்வி

திருப்பயணத்தில் மறுத்தவர்கள் சொன்ன காரணம், நம் பங்குகளில் நற்கருணை (பூசையில் பெறும் திரு அப்பம்) விஷயத்தில் இன்றைக்கும் அப்படியே வருகிறது. முப்பத்தைந்து வயது மகனுக்குப் புதுநன்மை கொடுக்கலாமா என்று ஒரு தாய் கேட்டால், அவனுக்கு என்ன புரியும் என்பதுதான் முதல் பதில். பங்குத்தந்தையை மட்டும் குறை சொல்வதற்கில்லை. சில சமயம் உபதேசியார் சொல்வார், சில சமயம் சொந்த அத்தையே சொல்வாள்.

திருச்சபையின் சொந்த வரலாறு இந்தப் பதிலுக்கு அவ்வளவாக ஆதரவு தரவில்லை. கீழைத் திருச்சபைகள் பலவற்றில், திருமுழுக்குப் பெற்ற கைக்குழந்தைக்கே நற்கருணை கொடுப்பது தொன்றுதொட்ட வழக்கம். அந்தக் குழந்தைக்கு என்ன புரிந்தது என்று அங்கே யாரும் தேர்வு வைப்பதில்லை. நம் இலத்தீன் வழிபாட்டு முறையில் 1910-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் வயதை ஏழு அளவுக்குக் கொண்டுவந்தார். அப்போதும் கேட்டது மறைக்கல்வி முழுவதையும் அல்ல. நற்கருணையைச் சாதாரண அப்பத்திலிருந்து பிரித்து அறிந்தால் போதும் என்பதுதான் அளவு. அமெரிக்க ஆயர்கள் 1995-இல் வெளியிட்ட வழிகாட்டி இன்னும் ஒரு படி இறங்கி வந்தது. அந்த அறிதலை வாயால் சொல்ல வேண்டியதில்லை. நடந்துகொள்ளும் விதம், சைகை, மரியாதையான மௌனம், இவற்றில் தெரிந்தாலும் போதும். சந்தேகம் வந்தால் கொடுக்கும் பக்கமே சாய வேண்டும்.

எனக்கு இவற்றில் எல்லாம் முக்கியமாகப் படுவது 2007-இல் பதினாறாம் பெனடிக்ட் எழுதிய திருத்தூது ஊக்கவுரையின் ஒரு பத்தி. அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், தங்களோடு இருக்கும் குடும்பத்தின் அல்லது சமூகத்தின் நம்பிக்கையிலும் நற்கருணையைப் பெறுகிறார்கள் என்கிறார் அவர். புரட்சிக்காரர் என்று யாரும் சொல்லாத ஒரு திருத்தந்தையின் வாக்கு இது. அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் லூர்துக்காகப் போட்ட முப்பது பேர் விதியும் இதையேதான் சொன்னது. இவருக்குப் புரியுமா என்று கேட்பதை விட்டுவிட்டு, இவர் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். மாற்கு நற்செய்தியில் நான்கு பேர் ஓட்டைப் பிரித்து முடக்குவாதக்காரனைக் கட்டிலோடு இறக்குகிறார்களே, அங்கேயும் இயேசு பார்த்தது ‘அவர்களுடைய’ நம்பிக்கையை. படுத்திருந்தவனிடம் அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. இந்த வாசகம் வரும் ஞாயிறன்று பிரசங்கத்தில் நான் ஒருமுறைகூட இதைக் கேட்டதில்லை.

சீர்திருத்தச் சபை (புராட்டஸ்டன்ட்) மக்களுக்கும் இது பொருந்தும். வினாவிடையை ஒப்பித்தால்தான் திடப்படுத்தல், அது முடிந்தால்தான் திருவிருந்து என்று இருக்கும் இடங்களில் இதே சுவர்தான் வேறு பெயரில் நிற்கிறது.

அனுமதி கிடைத்த பிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது. மீசை நரைக்கத் தொடங்கிய ஆளை, வெள்ளைச் சட்டையும் மெழுகுவர்த்தியுமாக ஒன்பது வயதுப் பிள்ளைகளின் வரிசையில் நிறுத்துவது. திருச்சபைச் சட்டத்தில்கூட, நிலையாகப் பகுத்தறிவைப் பயன்படுத்த இயலாதவர் சிறு குழந்தைக்கு நிகராகக் கருதப்படுவார் என்று ஒரு விதி உண்டு. பொறுப்பைச் சுமத்தாமல் காக்க எழுதிய விதி அது. நாம் அதை அன்றாடப் பேச்சாக்கிவிட்டோம். “கடவுளோட குழந்தை”, “பாவமே தெரியாத பிள்ளை” என்று அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் அவருக்குக் கோபம் வரும், ஆசை வரும், பொறாமை வரும், அப்பா இறந்த துக்கம் இருக்கும். பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கும் உரிமையும் அவருக்கு உண்டு. அவரை வானதூதராக்கி மாடத்தில் வைத்துவிட்டால் அப்புறம் பக்கத்தில் யாரும் உட்கார வேண்டியதில்லை. சின்ன வேலைதான், ஆனால் எனக்குத் தெரிந்த நல்ல தொடக்கம்: ‘வா, போ’வை விட்டுவிட்டு அவரை ‘அண்ணன்’ என்று கூப்பிடுவது.

வனியேவைப் பற்றி

இந்த நிகழ்வை எழுதுகிறவர்கள் இங்கே ஒரு பத்தியைத் தாண்டிப் போய்விட முடியாது. ழான் வனியே 2019 மே மாதம் இறந்தார். புனிதர் பட்டம் வரை பேசினார்கள். 2020 பிப்ரவரியில், லார்ஷ் அமைப்பே வெளியாரைக் கொண்டு நடத்திய விசாரணையின் முடிவு வெளிவந்தது. ஆன்மீக வழிகாட்டல் என்ற பெயரில் அவர் பெண்களைப் பாலியல் ரீதியாகப் பயன்படுத்திக்கொண்டார் என்று அது சொன்னது. 2023-இல் வெளிவந்த விரிவான ஆய்வு, 1952 முதல் 2019 வரை குறைந்தது 25 பெண்கள் என்று கணக்குச் சொன்னது. அவர்களில் அறிவுசார் குறைபாடு உள்ளவர் யாரும் இல்லை. அவருடைய குருவாக இருந்த தோமினிக்கன் துறவி தோமா பிலிப், 1956-இலேயே உரோமையால் தண்டிக்கப்பட்டவர். அதே காரியத்துக்காகத்தான்.

செய்தி வந்த அன்று எனக்கு வந்தது கோபம் இல்லை, வெட்கம். எத்தனை மேடையில் அவர் பேரைச் சொல்லியிருக்கிறேன்! அவர் செய்ததற்காக லூர்தில் நடந்தது பொய்யாகிவிடாது. அந்த 12,000 பேரும் வனியேவின் சொத்து அல்ல, பெற்றோர்களும் மத்தியூவும் ஆயிரக்கணக்கான நண்பர்களும் சேர்ந்து இழுத்த தேர் அது. ஆனாலும் ‘நல்ல மனுஷர், நம்பலாம்’ என்பது ஒரு ஏற்பாடே அல்ல என்று அந்த அறிக்கைகள் காட்டிவிட்டன. அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களில் பலருக்கு நடந்ததைச் சொல்ல வார்த்தை இல்லை, சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. அதனால் பங்கில் இவர்களோடு யார் பழகினாலும் எப்போதும் இரண்டு பேராக இருக்க வேண்டும். சக்ரீஸ்தியில் (பூசை உடைகள் வைக்கும் அறை) கதவைச் சாத்திக்கொண்டு தனியாக எதுவும் கூடாது. கட்டிப்பிடிக்க வேண்டாம் என்று அவர் தலையை ஆட்டினால் விட்டுவிட வேண்டும். ஒருவர் திடீரென்று ஒரு ஆளைப் பார்த்து ஒதுங்கினால், ‘அடம்’ என்று எழுதிவைக்காமல் என்ன நடந்தது என்று விசாரிக்க வேண்டும்.

நம் பக்கம்

லார்ஷின் வீடுகள் இந்தியாவுக்கு வந்தது 1970-இல், பெங்களூரில், ஆஷா நிகேதன் என்ற பெயரில். அப்புறம் கொல்கத்தா, கேரளம், சென்னை. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் ஒரே வீட்டில், எல்லாப் பண்டிகையும் எல்லாருக்கும். பிரான்சில் ஒரு கத்தோலிக்கக் கிராமத்தில் தொடங்கியது இங்கே அப்படியே நடப்பட்டிருந்தால் வேர் பிடித்திருக்காது.

பங்குகளுக்கு வருவோம். முப்பது பேர் கொண்ட குழுவை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. அன்பியம் இருக்கிறது. தெருவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வீடாகக் கூடி, விவிலியம் வாசித்து, மன்றாடி, கடைசியில் சுண்டலும் தேநீரும். விசுவாசமும் ஒளியும் குழு செய்வதில் பாதி இங்கே ஏற்கெனவே நடக்கிறது. குறைபாடுள்ள ஒருவர் இருக்கும் வீட்டில் மட்டும் கூட்டம் வைப்பதில்லை. “அவங்களுக்கு எதுக்குச் சிரமம்” என்று விட்டுவிடுவார்கள். முதலில் அந்த வீட்டில் வைக்க வேண்டும். வாசகத்தை ஒருமுறை வாசித்துவிட்டு இன்னொருமுறை நடித்துக் காட்டினால் அவர் மட்டுமல்ல, பின்னால் தூங்கும் மாமாக்களும் விழித்துக்கொள்வார்கள்.

எங்கள் பங்கு தெற்கே கடலோரம். அங்கே ஒருவர் இருக்கிறார், நாற்பதைத் தாண்டியிருப்பார். பேச்சு நாலைந்து சொல்தான். பல வருடம் பூசைக்கு வந்து, அம்மாவோடு வெளி வராந்தாவில் தூணை ஒட்டி நின்றுவிட்டுப் போவார். திருவிழாவின் கடைசி நாள் அசனத்துக்கு (பொது விருந்து) மட்டும் வரமாட்டார். கூட்டத்தில் கத்திவிடுவார் என்று அம்மாவுக்குப் பயம். பெண்கள் குழுவினர் தூக்குச் சட்டியில் சோறும் குழம்பும் வீட்டுக்கே கொடுத்தனுப்புவார்கள். முதல் பந்தி தொடங்கும் முன்பே அவருக்கான சாப்பாடு போய்விடும். அவ்வளவு அக்கறை. லூர்து ஓட்டல் கதையை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு அந்தத் தூக்குச் சட்டிதான் கண்ணில் வந்து நின்றது.

அவர் அன்பியத்து இளைஞர்கள் இரண்டு பேர் ஒரு வருடமாக அவரோடு பழகினார்கள். ஞாயிறு காலை வீட்டுக்குப் போய் அழைத்து வருவது, பூசைக்குப் பின் கடையில் டீ. ஒலிபெருக்கி திடீரென்று கிறீச்சிட்டால்தான் கத்துகிறார் என்று கண்டுபிடித்தது அவர்கள்தான். அம்மாவுக்கே அது பிடிபட்டிருக்கவில்லை. போன திருவிழாவில் அசனப் பந்தலின் ஓரத்தில், ஸ்பீக்கருக்கு எட்டத்தில், அவருக்கு இலை போடும் வேலை கொடுத்தார்கள். ஒவ்வொரு இலையையும் நுனி இடப்பக்கம் வரும்படி திருப்பி, தண்ணீர் தெளித்து, கையால் நீவி, சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, அப்புறம்தான் அடுத்தது. அவர் வரிசைக்குச் சோறு வர இருபது நிமிடம் தாமதம். உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் முணுமுணுத்தார். சாம்பார் வாளியோடு நின்ற பையன், “இருங்க தாத்தா, அண்ணன் முடிக்கட்டும்” என்றான். கடைசி இலை அவருடையது. அம்மாவுக்கு அதன் பக்கத்தில் இடம் போட்டிருந்தார்கள். ஆனால் அம்மா எதிர்வரிசையில் யாரோடோ பேசிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், மகன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.